ஓடாத ரயிலுக்கு ஒரு டிக்கெட்

மண்டபம்,
22 டிசம்பர் 2025

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அந்தக் குளிரில் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

சென்ற வாரம் நீ அனுப்பிய குரல்பதிவை மூன்று முறை கேட்டேன். விடுமுறைக்கு வந்தபோது கைபேசியில் படம்பிடித்துக்கொண்டு போன, கைக்கு வந்த தாள்களை நான் ஒட்டிவரும் நோட்டின் பக்கங்களைக் கணினியில் ஒழுங்குபடுத்திக்கொண்டிருப்பதாகவும், சினிமாவுக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று, விசித்திரமான துண்டுகளுக்கு ஒன்று என்று மூன்று தொகுப்புகளாகப் பிரித்துவிட்டால் பார்ப்பவர்களுக்குச் சுலபமாக இருக்கும் என்றும் சொல்லியிருந்தாய். கூடவே ஒரு கேள்வி. முதல் பக்கத்தில் தாத்தாவின் ரயில் டிக்கெட்டும் ஒரு சினிமா நோட்டீஸும் ஏன் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, அந்தப் பக்கம் எந்தத் தொகுப்பில் சேர வேண்டும் என்று கேட்டிருந்தாய். இதற்குப் பேசிப் பதில் அனுப்ப மனம் வரவில்லை. இன்றைய தேதிக்காகக் காத்திருந்து, விளக்கேற்றிவிட்டு, எழுத உட்கார்ந்தேன்.

அறுபத்தொரு வருடங்களுக்கு முன்பு, 1964ஆம் ஆண்டு இதே டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில்தான் தனுஷ்கோடி போனது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த பயணி ரயிலைக் கடல் அப்படியே எடுத்துக்கொண்டது. நூறு பேருக்கு மேல் இருந்தார்கள், ஒருவரும் மிஞ்சவில்லை. எனக்கு அப்போது ஆறு வயது. ரயில்வே குடியிருப்பில் ஓடு பறந்துவிட்ட மூலையில் அம்மா என்னைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்ததும், நிலையத்துக்குப் போன அப்பா இரண்டு நாள் வீடு திரும்பாததும் நினைவிருக்கின்றன. பாம்பன் பாலத்தின் கர்டர்கள் விழுந்துவிட்டன. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில் அதை 46 நாட்களில் திரும்பக் கட்டி முடித்து ராமேஸ்வரத்துக்கு ரயில் விட்டார்கள். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாதையை மட்டும் பிறகு போடவே இல்லை.

உன் தாத்தா மண்டபம் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா என்பது உனக்குத் தெரியும். அவருடைய அலமாரியை நீ பார்த்ததில்லை. சுவரோடு நின்ற மர அலமாரியில் ஊருக்கு ஒரு குறுகிய அறையாக நூற்றுக்கணக்கான அறைகள். ஒவ்வொன்றிலும் கனத்த அட்டை டிக்கெட்டுகள் எண் வரிசையில் அடுக்கி இருக்கும். ஊர் பெயரைச் சொன்னதும் கை அந்த அறைக்குத் தானாகப் போகும். அட்டையை உருவி, தேதி குத்தும் இயந்திரத்தில் செருகினால் டக்கென்று ஒரு சத்தம் வரும். புயலுக்குப் பிறகும் தனுஷ்கோடி என்ற அறை அப்படியே இருந்தது. விற்காத அட்டைகளைக் கணக்குப் பார்த்துத் திருப்பி அனுப்பும்படி உத்தரவு வந்தபோது, அப்பா தன் சட்டைப்பையிலிருந்து காசை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டு, தனுஷ்கோடிக்கு ஒரு டிக்கெட் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டார். கணக்கில் அது விற்ற டிக்கெட். போய்ச் சேரும் ஊர் இல்லை. அதில் அவர் தேதி குத்தவில்லை. நீ படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அட்டையின் ஓரத்தில் அந்தக் குத்து இல்லாமல் வழவழப்பாக இருப்பது தெரியும்.

இந்த அட்டை பதினான்கு வருடம் அவருடைய மரப்பெட்டியில் இருந்தது. நான் அதை முதலில் பார்த்தது 1978 நவம்பரில்.

அப்போது மதுரையில் விடுதியில் தங்கி பி.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தீபாவளிக்கு வந்த படங்களில் ஒன்று இயக்குநர் ருத்ரய்யாவின் "அவள் அப்படித்தான்". கமலஹாசனும் ரஜினிகாந்தும் ஸ்ரீபிரியாவும் நடித்த படம் என்ற ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு, விடுதித் தோழிகள் இருவரோடு மதியக் காட்சிக்குப் போனேன். நாங்கள் பார்த்த அரங்கில் முன்வரிசையில் ஒரு சிலர், பின்னால் நாங்கள் மூவர், அவ்வளவுதான். கறுப்பு வெள்ளைப் படம். இடைவேளையில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மஞ்சு என்ற அந்தப் பெண் கோபப்படும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கை வியர்த்தது. அதுவரை நான் பார்த்த படங்களில் கோபப்படும் பெண் கடைசியில் திருந்துவாள், அழுவாள், யார் காலிலாவது விழுவாள். இவள் எதுவும் செய்யவில்லை. கடைசிக் காட்சியில் அவள் காரிலிருந்து இறங்கித் தெருவில் தனியாக நிற்க, கார் போய்விடுகிறது. பெண் விடுதலையைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று அவள் கேட்டதற்கு அந்தக் காரில் இருந்த புதுமணப்பெண் தனக்குத் தெரியாது என்று சொன்ன பதில், விடுதிக்குத் திரும்பிய பிறகும் எங்கள் மூவருக்கும் நடுவில் இருந்தது. அந்த வயதில் எங்களுக்கும் அதே பதில்தான் தெரியும், தாயி. அடுத்த வாரம் இன்னொரு முறை பார்க்கலாம் என்று போனபோது வேறு படத்தின் சுவரொட்டி ஒட்டியிருந்தது. டிக்கெட் கொடுக்கும் சன்னலுக்குக் கீழே மிதிபட்டுக் கிடந்த நோட்டீஸ் ஒன்றை எடுத்துப் பாடப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். அதன் வலது மூலையில் தெரிவது செருப்புத் தடம்.

அந்தச் சனிக்கிழமை ஊருக்கு வந்தபோது அப்பாவிடம் படத்தைப் பற்றிச் சொன்னேன். திட்டுவார் என்று பயந்துகொண்டேதான் தொடங்கினேன், ஏனென்றால் எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்த நேரம் அது. அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் முழுக் கதையையும் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்து போய், பெட்டியைத் திறந்து இந்த அட்டையையும், பாதி எழுதாமல் விட்டுக் கழித்துப் போட்ட சரக்குப் பதிவேடு ஒன்றையும் எடுத்து வந்து என் மடியில் வைத்தார். "அந்த ரயிலும் ஓடல, உன் படமும் ஓடல. ரெண்டையும் ஒண்ணா ஒட்டி வை தாயி," என்றார். அன்றைக்கு அதைச் சிரித்துக்கொண்டே கேட்டேன். இரவில் பசை காய்ச்சி ஒட்டும்போதுதான், அந்தக் கடைசி ரயிலில் போனவர்களில் எத்தனை பேருக்கு அவர் கையால் டிக்கெட் கொடுத்திருப்பார் என்ற எண்ணம் வந்து கை நின்றது. அவரிடம் அதை நான் கேட்கவே இல்லை. 1994இல் அவர் இறக்கும்வரை அவரும் சொல்லவில்லை.

அந்தப் பக்கம் எந்தத் தொகுப்பில் சேர வேண்டும் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: அதைப் பிரிக்காதே. இந்த நோட்டில் இருப்பவை பொருள் வாரியாக வந்தவை இல்லை. கைக்கு வந்த வரிசையில் ஒட்டியவை. எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதில்தான் அந்த நாள் இருக்கிறது. டிக்கெட்டை எடுத்துக் குடும்பத் தொகுப்பிலும் நோட்டீஸை எடுத்துச் சினிமாத் தொகுப்பிலும் வைத்தால், இரண்டும் இருக்கும். என் மடியில் அப்பா அவற்றை வைத்த இரவு இருக்காது.

இன்னும் சிலவற்றுக்குக் குறிப்பு எழுதாமல் விட்டிருக்கிறேன். அவற்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், படங்களோடு இதையும் சேர்த்து வைத்துக்கொள்.

ஏழாம் பக்கத்தில் இருப்பது தாத்தாவின் வானொலி லைசென்ஸ் புத்தகம். அந்தக் காலத்தில் வீட்டில் ரேடியோ வைத்திருக்க வருடா வருடம் தபால் நிலையத்தில் பணம் கட்டி, புத்தகத்தில் வில்லை ஒட்டி முத்திரை வாங்க வேண்டும். 1980களின் நடுவில்தான் அதை எடுத்துவிட்டார்கள். நம் கரையில் எல்லோர் வீட்டிலும் பாடியது இலங்கை வானொலி, அதன் அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவின் குரலும் அப்துல் ஹமீதின் குரலும் கேட்டுத்தான் எங்களுக்குப் புதுப்படம் வந்திருப்பது தெரியும். ராமநாதபுரத்துக்குப் படப்பெட்டி வருவதற்குள் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாட்டு வந்துவிடும்.

பதினோராம் பக்கத்தில் ஒன்றும் ஒட்டியில்லையே, பென்சிலால் எழுதியது மட்டும் இருக்கிறதே என்று கேட்டாய். அது எஸ். பாலசந்தர் இயக்கிய "அந்த நாள்" படத்தைப் பற்றியது. 1954இல் வந்த, பாட்டே இல்லாத படம். அப்போதெல்லாம் கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். கதையைப் பாதி சொல்லி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடித்திருப்பார்கள். பாட்டில்லாத படத்துக்குப் பாட்டுப் புத்தகத்தைத் தேடி என்ன கிடைக்கும்? அப்பா அதை வந்த புதிதில் பார்த்தவர். பாட்டு எப்போது வரும் என்று தரை டிக்கெட்டில் சத்தம் எழுந்ததையும், தான் மட்டும் நாற்காலி நுனியில் இருந்ததையும் அடிக்கடி சொல்வார். பல வருடம் கழித்து அதைத் தொலைக்காட்சியில் நானும் பார்த்தேன். கொலையானவனைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்ல, கதைக்கு ஒரு கொலையாளி மாறுகிறான். அதையும் அப்பா சொன்னதையும் சேர்த்து எழுதி வைத்தேன்.

இருபத்து மூன்றாம் பக்கத்தில் வெறும் நான்கு மூலைத் தழும்பு இருக்கும். அங்கே ஒரு படச்சுருள் துண்டு இருந்தது. உச்சிப்புளிப் பக்கம் கொட்டகை போட்டிருந்த டூரிங் டாக்கீஸில், சுருள் அறுந்தால் ஆப்பரேட்டர் வெட்டி எறிந்த துண்டுகளைப் பையன்கள் பொறுக்கி வருவார்கள். ஃப்யூஸ் போன பல்பின் வயிற்றைச் சுத்தம் செய்து, தண்ணீர் ஊற்றி, கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, நடுவில் இந்தத் துண்டைப் பிடித்தால் உள்ளறை வேட்டியில் படம் விழும். நம் வீட்டுத் துண்டில் ஒரு பெண் பாதி திரும்பியிருந்தாள். யார் என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. சில வருடங்களில் நோட்டைத் திறந்தால் புளித்த காடி வாசம் அடிக்கத் தொடங்கியது. அந்தப் படச்சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் உள்ளுக்குள்ளேயே சிதைந்து புளிப்பை விடும், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆகையால் எடுத்துவிட்டேன். தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் வந்தது 1931இல். இன்று பார்க்க அதன் ஒரு பிரதிகூட இல்லை. திரைப்படம் அவ்வளவு எளிதாக அழியும் பொருள் என்பது எனக்கு இந்த நான்கு விரல் நீளத் துண்டால்தான் புரிந்தது.

முப்பதாம் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து நீ வியந்திருப்பாய். நான் சிவப்பு மையில் திருத்திய விடைத்தாள் அது. ஒரு நாள் பள்ளி முடிந்து வரும்போது வாங்கிய வேர்க்கடலைப் பொட்டலம் வீட்டில் பிரித்தால் என் கையெழுத்தோடு விரிந்தது. "பாம்பன் பாலம்" என்ற கட்டுரை, மதிப்பெண் பத்துக்கு மூன்று. ரயில் போகும்போது பாலம் காற்றைக் கேட்டுக்கொண்டிருக்கும் என்று அந்தப் பையன் எழுதியிருந்தான். நான் அதைச் சுழித்து, பொருளில்லை என்று ஓரத்தில் எழுதியிருக்கிறேன். அப்போதைய பாலத்தில் காற்றளக்கும் கருவி இருந்தது, மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் வீசினால் சிக்னல் தானாகச் சிவப்பாகி ரயில் நின்றுவிடும் என்பது எனக்கே பின்னால்தான் தெரியும். பாலம் உண்மையாகவே காற்றைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பையன் அதற்குள் படிப்பை முடித்துப் போய்விட்டான். எங்கே இருக்கிறான் என்று விசாரித்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. இதை நான் இன்றும் மனத்தில் வைத்திருக்கிறேன்.

அதற்கு அடுத்த இரண்டு பக்கங்கள் மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து என் வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் சொற்கள். பேந்து (பிறகு), கெதியாய் (சீக்கிரமாய்), வடிவு (அழகு), கதைத்தல் (பேசுதல்). பேச்சில் கேட்டதை அன்றன்றே எழுதினேன். நடுவில் ஒட்டியிருக்கும் சிங்கள எழுத்துப் போட்ட பால்மா உறை, கடலில் வந்து கரையில் ஒதுங்கியது. அதை எடுத்துக் காட்டியபோது ஒரு சிறுமி வாங்கி முகர்ந்து பார்த்தாள். உள்ளே உப்பு வாசத்தைத் தவிர வேறெதுவும் இருந்திருக்காது.

நீயும் நானும் ராமநாதபுரத்தில் பார்த்த அன்பே சிவம் டிக்கெட் 2003ஆம் ஆண்டுப் பக்கத்தில் இருக்கிறது, பாதி கிழித்துக் கொடுத்த ரோஸ் நிறத் தாள். அரங்கில் கூட்டமில்லை; உனக்குப் பன்னிரண்டு வயது, வெளியே வந்து படத்தின் நாயகன் நல்லசிவத்துக்காக அழுதாய். சுனாமி என்ற சொல்லை நாம் இருவரும் முதலில் கேட்டது அந்தப் படத்தில்தான். அடுத்த ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி அந்தச் சொல் ஊரெல்லாம் கேட்டது. இலங்கைத் தீவு குறுக்கே நின்றதால் நம் கரை பெருமளவு தப்பியது, நாகப்பட்டினம் தப்பவில்லை. அதைச் சொன்ன செய்தித்தாளின் துண்டை அந்த டிக்கெட்டுக்குக் கீழே ஒட்டியது நீதான், உன் பிஞ்சுக் கையெழுத்தில் தேதியும் இருக்கிறது. சினிமா ஒரு தொகுப்பு, செய்தி ஒரு தொகுப்பு என்று நீயே அன்று பிரிக்கவில்லையே!

உன் அப்பாவின் பக்கத்தைப் பற்றி நீ கேட்கவில்லை, கேட்கத் தயங்கியிருப்பாய். 2019இல் அவர் போனபோது தெருமுழுக்கக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டினார்கள். அதில் ஒன்றை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தவர்களிடம் வாங்கிக்கொண்டேன், ஆனால் நோட்டில் ஒட்டவில்லை. அந்தப் படத்தில் கண்ணாடி போட்டு, மூக்கு விறைத்து, யாரோ ஒரு அதிகாரியைப்போல இருந்தார். அவர் சட்டைப்பையில் இருந்த மளிகைச் சிட்டையைத்தான் ஒட்டினேன். துவரம்பருப்பு அரைக் கிலோ, சீரகம் ஐம்பது, டார்ச் செல் இரண்டு, மெழுகுவர்த்தி நான்கு. கடைசியில் வேறு பேனாவில், அவசரமாக, பனங்கற்கண்டு. அந்த வாரம் எனக்கு இருமல். சொல்லாமலே எழுதிக்கொண்டிருக்கிறார். பருப்புக்கும் சீரகத்துக்கும் நேரே சரி என்று கோடு இருக்கிறது, பனங்கற்கண்டுக்கு இல்லை.

ருத்ரய்யா இரண்டே படங்கள் எடுத்தார். 2014 நவம்பரில் இறந்தபோது வந்த செய்தித் துண்டை முதல் பக்கத்து நோட்டீஸின் கீழ், இருந்த இடத்தில் மடித்து ஒட்டியிருக்கிறேன். நீ எடுத்த படத்தில் மடிப்பு திறக்காமல் இருக்கிறது. அடுத்த முறை வரும்போது அதைப் பிரித்து ஒரு படம் எடுத்துக்கொள். இன்றைய பிள்ளைகள் அந்தப் படத்தைத் தேடித்தேடிப் பார்ப்பதாகவும் கல்ட் படம் என்று கொண்டாடுவதாகவும் நீதான் எனக்குச் சொன்னாய். அதைக் கேட்ட அன்று நான் அடைந்த சந்தோஷத்தை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல், அப்பாவின் பெட்டியைத் துடைத்து வைத்தேன்.

இப்படித் தாள்களைச் சேர்ப்பது நம் சீமைக்குப் புதிதும் இல்லை. அப்போதைய ராமநாதபுரம் மாவட்டத்துக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, பழைய புத்தகங்களோடு அழைப்பிதழ், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று எதையும் தள்ளாமல் வீடு நிறையச் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்த பிறகு, சென்னையில் அவர் பெயரிலேயே 1994இல் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. நான் சேர்த்தது ஒரே ஒரு பதிவேடு. ஆனாலும் அவருக்கிருந்த அதே ஆசைதான் என்று நினைக்கிறேன்.

இனி நீ செய்ய வேண்டியது. பக்கங்களை வெட்டாமல், இரு பக்கமும் சேர்ந்து விரிந்திருக்கும்படியே வைத்துக்கொள். தேடுவதற்குச் சுலபமாக வேண்டுமென்றால் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தனியாக ஒரு பட்டியல் எழுது; அதற்கு நானும் உதவுகிறேன்.

நோட்டில் இன்னும் ஒன்பது பக்கம் மிச்சம். கடைசியாக ஒட்டியது, இந்த ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு மண்டபத்திலிருந்து ராமேஸ்வரத்துக்குப் போன டிக்கெட். இரண்டு வருடத்துக்கு மேல் ரயில் இல்லாமல் கிடந்த ஊரல்லவா, பெட்டி முழுக்கக் கூட்டம். பாலத்தின் நடுவில் வந்ததும் பக்கத்தில் பழைய பாலம் தெரிந்தது; அதுவும் இப்போது ஓடாத பாதை. அக்னி தீர்த்தத்தில் அப்பாவுக்கும் உன் அப்பாவுக்கும் தண்ணீர் விட்டுவிட்டுத் திரும்பினேன்.

நீ இருக்கும் ஊரிலிருந்தும் ஏதாவது அனுப்பு. பஸ் டிக்கெட்டோ, மழலைப் பள்ளியிலிருந்து பேரன் கொண்டுவரும் தாளோ, வழியில் கிடைத்து நீ சிரித்ததோ, எதுவானாலும் சரி. இயந்திரத்தில் அச்சாகி வரும் வழவழத் தாள் என்றால் எழுத்து மங்கிவிடும், ஆகவே பின்னால் தேதியும் இடமும் யாரோடு இருந்தாய் என்பதையும் பென்சிலால் எழுது. பேனா மை நம் உப்புக்காற்றில் கசிகிறது. குண்டூசி, ஸ்டேப்ளர் எதுவும் குத்தாதே, இங்கே வந்து சேர்வதற்குள் துருவேறித் தாளைத் தின்றுவிடும். மைதாவில் மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டுப் பசை காய்ச்சி வைத்துக்கொள்கிறேன். உறை வந்த அன்றே ஒட்டி, எதற்குப் பக்கத்தில் ஒட்டினேன் என்று உனக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா